காதில் விழாத ஹாரன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஒரு சபதம் எடுத்தேன். வாயில் பாதி நுரை. இருந்தாலும் சபதம் சபதம்தான்.

இன்று மூன்றரை மணிக்கு என் மனைவி காரில் உட்கார்ந்திருப்பாள்!

நாலு மணி ரயிலில் மச்சினி வருகிறாள். போன தடவை நாங்கள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். அவள் பெட்டி மேல் உட்கார்ந்தபடி சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "மாமாவை நம்பினா பிளாட்பாரத்துலயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாமனார் வீட்டில் அன்றோடு என் மானம் கப்பலேறியது.

தாமதம் யாரால்? நான் ஐம்பத்தைந்து நிமிஷமாகக் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். மனைவி ஆற அமர வந்து ஏறினாள்.

"ஹாரன் அடிச்சேனே, கேக்கலையா?"

"அடிச்சீங்களா? கேக்கலையே!"

மூன்று மாதமாக இதே பதில். அவளையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. காரோடு வந்த ஹாரன் அது. அமுக்கினால் ஜலதோஷம் பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி "மே" என்னும். நடுரோட்டில் நிற்கிற கோழிகூட ஒதுங்காது. எனக்கும் கார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான். மற்ற நாளெல்லாம் ஆபீஸ் வேனில் தூங்கிக்கொண்டே போய்விடுவேன்.

ஞாயிறுதோறும் இன்னொரு தொல்லை. ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். சீட் முன்னால் நகர்ந்து கிடக்கும்.

"வண்டி ஒரே இடத்துல நின்னா அப்படித்தாங்க, சீட்டு தானா நகரும்" என்பாள் மனைவி.

எந்திர விஷயம். இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை புது ஹாரன் வாங்கக் கடைக்குக் கிளம்பும்போதே சொன்னாள்: "வாங்குறதே வாங்குறீங்க, லாரிக்காரனுக்கே கேக்குற மாதிரி வாங்குங்க."

"உனக்குக் கேட்டாப் போதும்மா."

"எனக்காகத்தாங்க சொல்றேன்."

இரட்டை ஹாரன் வாங்கினேன். நத்தை ஓடு மாதிரி சுருண்டு, ஒன்று கீச்சுக் குரல், ஒன்று கட்டைக் குரல். கூடவே ரிலே என்று தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. புது ஹாரன் கரண்டை மடக் மடக்கென்று குடிக்குமாம். ஸ்டியரிங்கிலிருந்து வருகிற மெல்லிய வயர் அதைத் தாங்காதாம். இந்த ரிலே நடுவில் நின்று, பேட்டரியிலிருந்து வாங்கி ஹாரனுக்குக் கொடுக்குமாம். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று சூடு வாங்குகிற பிறவி. பார்த்ததும் அதன்மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

கடைக்காரர் வயர் இணைப்பை ஒரு துண்டுத் தாளில் வரைந்து கொடுத்திருந்தார். ஞாயிறு பத்து மணிக்கு பானெட்டைத் திறந்தேன். பதினொன்றுக்கு முன்பக்க வலையைக் கழற்றினேன். அது ஆறு கிளிப்போடு வந்தது. நான்கு கிளிப் முழுசாக வந்தன. பன்னிரண்டுக்குப் பழைய ஹாரனைப் பிடுங்கினேன். அந்த நேரத்தில் எங்கள் குழந்தை அந்தத் துண்டுத் தாளைத் தின்றுவிட்டது.

"பாதிதாங்க தின்னிருக்கு. மீதியப் பாத்து மாட்டுங்க" என்றாள் மனைவி, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு.

"எனக்குத் தாளே தேவையில்ல."

"தெரியும். ஆனா ஒண்ணு, குழந்தை தூங்குறப்போ அடிச்சுப் பாக்காதீங்க. சட்டம் ஞாபகம் இருக்குல்ல?"

சட்டம் நான் போட்டதுதான். ஒருநாள் மதியம் அவள் மிக்ஸி ஓட்டி, குழந்தை எழுந்து, என் தூக்கமும் போனது. அன்றே எழுதினேன்: 'குழந்தையை எழுப்பியவரே மறுபடி தூங்க வைக்க வேண்டும்.' தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

ஒரு மணிக்குக் கடைசி வயரை பேட்டரியில் வைத்தேன்.

பாஆஆஆஆம்!

நான் ஸ்டியரிங் பக்கமே போகவில்லை. தானாக அலறுகிறது. நிற்கவே இல்லை. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனிதர் கிளிப்புகளைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார். நான் சாவியைத் திருப்பினேன். வைப்பரும் சேர்ந்து ஓடியது. குழந்தை மட்டும் கைதட்டிச் சிரித்தது.

மனைவி குழந்தையை என் கையில் திணித்தாள். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தாள். பேட்டரியின் மைனஸ் பக்க நட்டை இரண்டு சுற்றுச் சுற்றித் தளர்த்தி, வயரைத் தூக்கினாள். ஊர் அடங்கியது.

"வேலைய ஆரம்பிக்கும்போதே மைனஸைக் கழட்ட மாட்டீங்களா? பாருங்க, பழைய ஹாரன் வயர்ல கோக்க வேண்டியத நேரா பேட்டரியில கோத்திருக்கீங்க. அப்புறம் கத்தாம என்ன பண்ணும்?"

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"மேல்வீட்டு அக்கா சொல்லியிருக்காங்க."

மேல்வீட்டு அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். பெண்கள் பேசிக்கொள்ள எத்தனையோ விஷயம் இருக்கும். அதில் பேட்டரியும் ஒன்று போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சொன்னபடி வயரை மாற்றினேன். அடித்துப் பார்த்தேன். அடடா! அமுக்கினால் கத்தியது, விட்டால் நின்றது. இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கிற ஒரு ஜீவன் கிடைத்துவிட்டது.

மூன்று மணிக்குக் குழந்தை தூங்கியது. நாங்கள் திரும்பும்வரை மேல்வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு. மூன்று இருபத்தைந்துக்கு நான் காரில். சீட்டைப் பின்னால் தள்ளினேன். சட்டைக் காலரைச் சரிசெய்தேன். இனிமேல் 'கேக்கலையே' என்று எவள் சொல்வாள்? இரண்டு கையையும் வைத்து அமுக்கினேன்.

தெருவில் நாலு ஜன்னல் திறந்தன. நாலு ஜன்னல் மூடின. வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு ஹாரன் பதில் சொன்னது.

குழந்தை!

உடனே கதவு திறந்தது. மனைவி தலைவாரி, செருப்பு மாட்டி, தோளில் பையோடு நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன நேரத்துக்குத் தயார். கையில் குழந்தை வீறிட்டது.

"யாரு எழுப்பினது?"

"ஹாரன்."

"ஹாரன் தானா அடிச்சுக்கிச்சா?"

"மத்தியானம் தானாத்தானே அடிச்சுது!"

"அத நான் சரிபண்ணிக் குடுத்தாச்சு. இறங்குங்க. சட்டப்படி நீங்க தூங்க வைங்க. நான் போய் தங்கச்சியக் கூட்டிட்டு வரேன்."

"எதுல போவ?"

"எதுல உக்காந்திருக்கீங்க?"

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே!"

பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். லைசென்ஸ். அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ?"

"போன மாசம். நீங்க வேன்ல தூங்கிட்டுப் போன பிறகு தினம் ஒரு மணி நேரம், அக்காதான் சொல்லிக்குடுத்தாங்க. வண்டி நல்லாத்தான் ஓடுது. ஹாரன்தான் ஒருத்தர் காதுலயும் விழல. ஒரு லாரிக்காரனும் வழி விடல. மாத்துங்கன்னு நேரா கேட்டா, 'ஞாயித்துக்கிழமை வண்டிக்கு எதுக்கு'ம்பீங்க. அதான் எனக்கே கேக்கலைன்னேன்."

"அப்போ மூணு மாசமா உனக்கு..."

"முதல் 'மே'யிலயே கேட்டுடும்ங்க."

சீட்டை முன்னால் இழுத்தாள். அது தானாக நகர்கிற சீட் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. மேல்வீட்டு அக்கா பால்கனியிலிருந்து, "கண்ணாடியப் பாத்து ரிவர்ஸ் எடு! அவரைப் பாக்காத!" என்று கத்தினார். கார் அழகாக வளைந்து, தெருமுனையில் ஒருமுறை கம்பீரமாகக் குரல் கொடுத்து மறைந்தது. அங்கே நின்ற லாரி ஒதுங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் தோளில் போட்டுத் தட்டினேன். குழந்தை தூங்கவில்லை. பாட்டுப் பாடினேன். அதற்குப் பிறகு தூங்குகிற எண்ணத்தையே கைவிட்டுவிட்டது. பால் கலக்கினேன். கால்வாசி குழந்தைக்கு, முக்கால்வாசி என் சட்டைக்கு. சட்டையைக் கழற்றினால் குழந்தை ஈரம். குழந்தையைத் துடைத்தால் தரை ஈரம். நாலு மணிக்கு மச்சினி போன் செய்தாள்.

"மாமா! அக்கா பத்து நிமிஷம் முன்னாடியே வந்து நிக்கிறா! நீங்க வரலைன்னா எல்லாம் டைமுக்கு நடக்குது!"

நாலரைக்கு வாசலில் அந்தச் சத்தம். கேட்டைத் திறக்க வேண்டும். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் தரை துடைக்கிற துணி. சட்டை ஊறுகிறது. கேட் சாவி எங்கே? குழந்தை வாயில். மறுபடி ஹாரன். குழந்தை தூங்கியிருந்தாலாவது அவள் மேல் சட்டம் பாய்ந்திருக்கும். இது கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கைதட்டுகிறது.

பனியனோடு நான் வாசலுக்கு வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி கண்ணாடியை இறக்கினாள்.

"எவ்வளவு நேரமா ஹாரன் அடிக்கிறேன்! கேக்கலையா?"

"அடிச்சியா?" என்றேன். "கேக்கலையே!"