குழந்தை வண்டிக்குக் கட்டணம் இல்லை

"அண்ணே, வண்டியில குழந்தை எங்கே?"

ஃபிஜியின் நௌசோரி விமான நிலையக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த அனிஷ்மா கேட்டது நியாயமான கேள்விதான். எமோசி முக்கி முனகித் தள்ளிக்கொண்டு வந்த குழந்தை வண்டியில் ஐஸ் கோழிகள் இருந்தன, ஒரு மூட்டை சர்க்கரை இருந்தது, அதற்கு மேலே ஊரையே உள்ளே வைத்து வேகவைக்கக் கூடிய ஓர் அலுமினியக் குண்டான் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குழந்தை மேரே மட்டும் இல்லை. அவள் எமோசியின் மனைவி வாசிதியின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, தன் இடத்தைப் பிடித்துக்கொண்ட கோழிகளை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தை வண்டிக்குக் காசு கிடையாதுன்னு நீங்கதானேம்மா போன்ல சொன்னீங்க?" என்றான் எமோசி.

"வண்டிக்குக் கிடையாது. கோழிக்குச் சொல்லலையே!"

தப்பு முழுக்க எமோசியின் வாய்மேல்தான். சிட்னியில் இருக்கும் அவன் அண்ணன் பொலாதே பளபளவென்று அந்த வண்டியை அனுப்பி வைத்திருந்தான். வாசிதியின் ஊரான கடாவு தீவுக்குப் போகும் விமானத்தில் அதை இலவசமாக ஏற்றிக்கொள்வார்கள் என்று தெரிந்ததும், அந்தச் சந்தோஷத்தை அடக்க மாட்டாமல் வாசிதியின் சித்தியிடம் போனில் அளந்துவிட்டான். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து சுவாவில் இருக்கும் வாசிதியின் சொந்தமெல்லாம் வாசலில்.

"கெரெகெரே, மாப்பிள்ளை. எங்கக்காவுக்கு முட்டி வலி. கோழிச் சூப்பு குடிச்சாத்தான் எந்திரிக்கிறா" என்று சித்தி கோழிகளை இறக்கினாள்.

"கெரெகெரே. ஊர்ல என் தம்பிக்கு டீயில கொஞ்சம் சர்க்கரை தூக்கலா இருக்கணும்" என்று ஒரு மாமா மூட்டையை இறக்கினார். அந்தத் தம்பி தனிக்கட்டை. அந்தச் சர்க்கரையை அவர் சாகும்வரை குடித்தாலும் மிச்சம் இருக்கும்.

கெரெகெரே, அதாவது 'தயவு பண்ணு' என்று ஒருவர் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல ஃபிஜியில் எவனுக்கும் நாக்கு எழாது. அதிலும் பெண்டாட்டி வீட்டுச் சொந்தம் கேட்டால், கேட்கவே வேண்டாம்.

எமோசிக்கு வேறு கவலையும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனும் வாசிதியும் அவள் அப்பா நெமானியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து மனிதர் பேச்சு மூச்சில்லை. போன மாசம்தான் ஆள் மூலமாகச் செய்தி வந்தது: 'பிள்ளையோட முகத்தைக் காட்டக் கொண்டு வாங்க.' மருமகனைப் பற்றி மூச்சு விடவில்லை. இன்றைக்கு ஊர் மொத்தமும் கூடி நிற்கும். அங்கே ஊர் வழக்கப்படி திமிங்கிலப் பல்லை நீட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும். அடுத்த விமானம் மூன்று நாள் கழித்துத்தான். ஊரைக் காக்க வைத்துவிட்டு அப்புறம் எந்த மூஞ்சியோடு போய் நிற்பது?

"வண்டியைக் காலி பண்ணுங்க அண்ணே. மடக்கி ஏத்தணும்" என்றாள் அனிஷ்மா.

"குழந்தை உட்கார்ந்திருந்தா மடக்க வேண்டாம்ல?"

"விமானத்துக்கிட்ட போற வரைக்கும் வேண்டாம்."

எமோசிக்கு மூளை வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். ஓரமாகப் போய்ச் சர்க்கரையையும் குண்டானையும் இறக்கிவிட்டு, கோழிகளைப் பரப்பி, மேலே போர்வையை விரித்து, அதன்மேல் மேரேயை உட்கார வைத்தான். கவுண்டர்வரை குழந்தை சிரித்துக்கொண்டே வந்தது. கவுண்டர் வந்ததும் குளிர் போர்வையைத் தாண்டிவிட்டது. மேரே வீல் என்று கத்திய கத்தலில் வரிசையே திரும்பிப் பார்த்தது. வாசிதி ஓடிவந்து அவளைத் தூக்கினாள்.

"அடப்பாவி! பிள்ளையோட பின்பக்கம் ஐஸா இருக்கு!"

"உங்க சித்தி கோழிதானே? நானா கேட்டேன்?"

"வாங்குறப்போ பல்லைக் காட்டிட்டு வாங்கினது யாரு?"

எமோசி சிட்னிக்குப் போன் போட்டான். அண்ணன் பொலாதே உலகம் சுற்றியவன், கேட்ட மாத்திரத்தில் சிரித்தான்.

"மண்டு! பையில வச்சாத்தானே எடை போடுவான்? உடம்புல மாட்டிக்க. நான் போன தடவை மூணு கோட்டு போட்டுட்டு ஏறினேன். எவனாவது கேட்டானா?"

எமோசி கழிவறைக்குள் நுழைந்தான். வெளியே வரும்போது மழைக்கோட்டின் பொத்தான்கள் தெறிக்கப் பார்த்தன. அக்குளுக்கு ஒரு கோழி, வயிற்றுக்கு ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று. குண்டானைத் தொப்பி மாதிரி தலையில் கவிழ்த்துக்கொண்டான். பல் கிடுகிடுவென்று அடிக்க, கைகளைப் பக்கவாட்டில் விறைத்துக்கொண்டு நடந்து வந்தான்.

அனிஷ்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. அது அவளுடைய உத்தியோகத் திறமை.

"அந்த மேடையில ஏறுங்க அண்ணே."

"எதுக்கு?"

"எடை பார்க்கத்தான். இது குட்டி விமானம். இங்க ஆளையும் எடை போட்டுத்தான் ஏத்துவோம்."

எமோசி இதுவரை கடாவுக்குப் படகிலேதான் போயிருக்கிறான். அவனுக்கு இது எப்படித் தெரியும்? பொலாதே பெரிய விமானங்களில் பறக்கிறவன். அவனுக்கும்தான் எப்படித் தெரியும்? எமோசி மேடையில் ஏறினான். சுவரில் இருந்த பெரிய மின்பலகையில் எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, "ஆண்டவரே!" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

"டிக்கெட் எடுக்கும்போது வேற எடை சொல்லியிருக்கீங்களே?" என்றாள் அனிஷ்மா.

எமோசி பலகையைப் பார்க்காமல் சொன்னான்: "அது நான் ரக்பி ஆடினப்போ இருந்த எடை."

"எப்போ ஆடினீங்க?"

"பள்ளிக்கூடத்துல" என்று வாசிதி முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

கோழிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வரிசை கைதட்டி எண்ணியது. எல்லாம் வந்த பிறகும் எமோசி கனமாகத்தான் இருந்தான். செருப்பைக் கழற்றினான். மழைக்கோட்டைக் கழற்றினான். வயிற்றை எக்கிப் பார்த்தான், பலகை அசையவில்லை.

"கேப்டன்கிட்ட பேசிட்டேன்" என்றாள் அனிஷ்மா. அவள் குரல் இப்போது கொஞ்சம் இளகியிருந்தது. "நீங்க மூணு பேரு, வண்டி, கைப்பை. அவ்வளவுக்குத்தான் ஒத்துக்கிறாரு. ஒரு கோழி கூட முடியாது. கோழிதான் போகணும்னா, நீங்க நில்லுங்க. சட்டுனு சொல்லுங்க அண்ணே, கதவு சாத்தப் போறாங்க."

"கோழியை விட்டுட்டா சித்தி என் கழுத்தை நெரிச்சிடுவா" என்றாள் வாசிதி.

"நான் நின்னுட்டா உங்கப்பா?"

 வாசிதியின் கண் கலங்கியதைப் பார்த்ததும், இத்தனை நாளும் எமோசி விழுங்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு கிளம்பியது.

"நான் என்ன சுமை தூக்குறவனா? ரெண்டு வருஷமா உங்க ஆளுங்க ஒருத்தராவது என்னை 'எப்படி இருக்கே'ன்னு கேட்டாங்களா? வண்டி ஓசின்னதும் மாப்பிள்ளைங்கறாங்க! போதும்டி சாமி!"

வாசலில் நின்ற டாக்ஸிக்காரர் மெல்லக் கிட்டே வந்தார். "கெரெகெரே, தம்பி. அந்தக் கோழி சும்மா கிடக்குதுன்னா..."

"எடுத்துக்குங்க! எல்லாத்தையும் எடுத்துக்குங்க!"

தன் வாழ்நாளில் எமோசி ஒரு கெரெகெரேவுக்கு இவ்வளவு சந்தோஷமாகத் தலையாட்டியதில்லை. சர்க்கரை மூட்டை கூட்டிப் பெருக்கும் பெண்களுக்குப் போனது. குண்டானைக் காவலாளி தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடினார், யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில். வண்டியை மடக்க வராமல் எமோசி ஓர் உதை விட்டான், அது உடனே மடங்கிக்கொண்டது. விமானம் எழும்பியபோது அவன் உடம்பும் மனசும் லேசாகிவிட்டன. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக விசிலடித்தான்.

கடாவில் ஓடுபாதை ஓரத்தில் ஊரே நின்றிருந்தது. எல்லோருக்கும் முன்னால் மாமனார் நெமானி. எமோசியின் விசில் நின்றது. அவன் புல்லில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் திமிங்கிலப் பல்லை நீட்டினான். மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளில் பாதி மறந்துபோனது, மீதியை ஒப்பித்தான்.

நெமானி பல்லை வாங்கிக்கொண்டார். கூட்டம் கைகுவித்துத் தட்டியது. அவர் மேரேயைத் தூக்கி அவள் கன்னத்தை முகர்ந்தார். பிறகு எமோசியைத் தூக்கி நிறுத்தினார்.

"வா, மருமகனே. நம்ம வீட்டுக்குப் போகலாம்."

எமோசி அத்தனை பேர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதான். கேவலமாக இருந்தாலும் சுகமாக இருந்தது.

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கூட்டம் அவனை விட்டுவிட்டு வண்டியைச் சுற்றி நின்றிருந்தது. ஒருவர் அதை விரித்துப் பார்த்தார். இன்னொருவர் அடியில் குனிந்து பார்த்தார். பிறகு எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சுவாவுல குடுத்ததெல்லாம்?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

எமோசி நெஞ்சை நிமிர்த்தினான். மருமகன் என்று ஊரறியச் சொல்லியாகிவிட்டது, இனி என்ன பயம்? "வண்டியைக் காலியாத்தான் கொண்டு போகணும்னு விதி. எல்லாத்தையும் அங்கேயே தானம் பண்ணிட்டேன். அவங்கவங்க சாமானை இனிமே அவங்கவங்களே தூக்கிட்டு வரட்டும்."

 கையெல்லாம் கரியாக, அடுப்படியிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்த வாசிதியின் தங்கை அசெனாதா, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அத்தான், அதெல்லாம் உங்களுக்கு விருந்து வைக்க அப்பா வாங்கி அனுப்பச் சொன்னது, விருந்தாளி தலையிலேயே கட்டி அனுப்புறோம்னு சொல்ல வெட்கப்பட்டுத்தான் சுவாவுல ஆளுக்கொரு பொய் சொன்னாங்க."