குளிரை அளக்க வந்தவருக்கு வடை

மொன்றியல்
தை, 1994

பெருமதிப்புக்குரிய சித்தப்பா அறிவது,

நீங்களும் சித்தியும் பியர்பொன்ட்ஸ் புறநகரில் உங்கள் சொந்த வீடும் அதன் ஹீட்டரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுகிறேன். நாங்கள் விறைத்துப்போய் இருக்கிறோம், ஆனால் உயிரோடு.

நீங்கள் பிடித்துத் தந்த மூன்றரை அறை வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த ஊரில் குளியலறையை அரை என்று எண்ணுவார்கள். அந்த அரையில், தொட்டிக்குள், இரவு வேலை முடிந்து வரும் சிவநேசம் அண்ணை பகலில் படுக்கிறார். யாருக்காவது முகம் கழுவ வேண்டுமென்றால் காலை மடக்கிக்கொள்வார். மற்ற மூன்றில் அவருடைய மனைவி பாலாம்பிகை அக்கா, பிறந்து இரண்டு மாதமான குழந்தை, நான், என்னோடு உணவகத்தில் கோப்பை கழுவும் மூன்று பேர். ஹீட்டர் வாடகைக்குள் அடக்கம் என்றீர்கள். அடங்கித்தான் கிடக்கிறது. கொதிகலனின் சாவி வீட்டுக்காரரிடம். மார்கழியிலிருந்து அவர் அதைத் திறக்கவில்லை. ஜன்னலின் உட்பக்கம் பனி உறைந்திருக்கிறது, குழந்தையின் கை நீலம் பாரிக்கிறது, போன் எடுத்துக் கேட்டால் "உங்கள் நாட்டில் இதைவிட வசதியாகவா இருந்தீர்கள்?" என்கிறார். அங்கே வெயில் இலவசம் என்று சொல்லுமளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வராது.

"அகதியா வந்தனாங்கள், வாயைத் திறவாதை" என்று நீங்கள் சொன்ன புத்திமதியை மீறி நகரசபையில் முறைப்பாடு கொடுத்தேன். பேனாட் என்ற அதிகாரி வந்து வீட்டின் குளிரை அளப்பார், குளிர் பதிவானால் வீட்டுக்காரர் கொதிகலனைத் திறந்தே ஆகவேண்டும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை நானே கீழ்வாசலில் காத்து நின்று அவரைக் கூட்டிவந்து கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. மின்னடுப்பின் நான்கு தட்டும் சிவந்திருந்தன. ஒன்றில் உழுந்து வடை, ஒன்றில் பாயசம், மற்றவற்றில் என்னவென்று பார்க்க மனமில்லை. பெரிய மனிதர் வருகிறாரென்று கட்டடத்துச் சனம் முழுவதும் எங்கள் வீட்டுக்குள். குழந்தை பட்டுச்சட்டையில் வேர்த்துக் கிடந்தது.

"என்னக்கா இது?"

"குளிருக்குள்ளாலை வாற மனிசன், தம்பி. வெறும் வயித்தோடையே அனுப்பிறது?"

"அவர் குளிரைப் பாக்கத்தான் அக்கா வாறார்!"

"பாக்கட்டும். முதல்லை சாப்பிடச் சொல்லு."

சிவநேசம் அண்ணை தொட்டியிலிருந்து எழுந்து வந்து, "பொன்ஜூர் ஐயா, இருங்கோ" என்று வீட்டிலிருந்த ஒரே கதிரையை இழுத்துப் போட்டார். பேனாட் கோட்டைக் கழற்றினார். பிறகு சுவெட்டரைக் கழற்றினார். நான்காவது வடைக்குப் பிறகு வெப்பமானியைப் பார்த்து, "இருபத்தேழு. என் வீட்டில்கூட இவ்வளவு சூடு இல்லை" என்று எழுதிக்கொண்டு, அக்காவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அரை மணி பொறுங்கள், வீடு குளிர்ந்துவிடும் என்று படிவரை துரத்திக் கெஞ்சினேன். வயிற்றைத் தடவிக்காட்டி "மெர்சி, மெர்சி" என்றார்.

சித்தப்பா, வாடகை கொடுக்கிறோம், சூடு எங்கள் உரிமை. அதைப் பெற ஓர் அதிகாரிக்கு முன்னால் நடுங்கிக் காட்டவேண்டியிருக்கிறது. நடுங்கிக் காட்ட எங்கள் சனத்துக்கு வெட்கம். வீட்டுக்காரர் இந்த வெட்கத்தில்தான் பிழைக்கிறார். உங்கள் பேஸ்மென்டில் சித்தியின் காலி சூட்கேசுகள் சூடாகப் படுத்திருக்கின்றன. அவற்றை ஓரமாக நகர்த்தி, அக்காவையும் குழந்தையையும் பங்குனி வரை வைத்திருங்கள். முடியாது என்பதானால், குழந்தையின் அந்த நீலக் கையை ஒருதரம் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சித்திக்கு அன்பு. உங்கள் ஹீட்டருக்கு என் தனி வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகன்
நகுலேஸ்வரன்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் பேனாட் திரும்பி வந்தார். சுவெட்டரை மறந்துவிட்டாராம். அக்கா அதைக் குழந்தைக்குச் சுற்றியிருந்தா. அடுப்பு அணைந்து கிடந்தது; அவர் மூச்சு புகையாக வந்தது. வெப்பமானியை எடுத்துப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொண்டார். அன்று மாலையே சூடு வந்தது. ஆகவே பேஸ்மென்ட் வேண்டாம், மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். ஆனால் வீட்டுக்காரர் வன்மத்தில் கொதிகலனை முழுதாகத் திறந்துவிட்டார். நாங்கள் இடுப்பில் சாரம் மட்டும் கட்டிக்கொண்டு திரிகிறோம், குழந்தைக்கு வேர்க்குரு. மறுபடி முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வியாழன் பேனாட் வெக்கையை அளக்க வருகிறார். "பாவம், அந்த மனிசனை இந்த வெக்கைக்குள்ளை இருத்திறதே" என்று அக்கா இப்போதே எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்து, அயலில் மின்விசிறி கேட்டுக்கொண்டிருக்கிறா.