எதையும் பிடிக்காதவர்

எதையும் பிடிக்காமல் நிற்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளில் தேடிப் பாருங்கள், கட்டாயம் ஒருவர் அகப்படுவார். பிடிக்கவே மாட்டார்; ஆனால் மாடிப்படிக் கைப்பிடியில் தூசி இருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்ப்பார், அலமாரி சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று தோளால் அழுத்திப் பார்ப்பார், நடக்கும்போது ஏதாவது கேட்டால் சட்டென்று நின்று, "முக்கியமான பேச்சை நின்னுதான் பேசணும்" என்பார். முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் குழாயை எதற்குப் பிடிக்கிறார்? விட்டால் ஓடிப்போய்விடுமாம்!

நம் கதையில் வரும் பெயிண்டர் அந்த இனம்தான். நாற்பது வருஷம் ஏணியிலேயே வாழ்ந்தவர். அவர் பேத்தி ஒற்றைக்காலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே போனில் பேசுவாள். கொடியில் காயும் துணி மாதிரி உடம்பு ஆடும், அவளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. இவரோ ஓர் அங்குலம் சாய்ந்தாலே கட்டையாக விறைத்துப்போவார். கேட்டால், "யோசிச்சுட்டு நின்னேன்."

மகள் ஏணியைப் பூட்டி வைத்தாள். மேலிருந்து கீழே பெயிண்ட் அடித்து வருவதுதான் தொழில் முறை. ஆனாலும் வீம்புக்கு, குளியலறைக்குப் போகும் நடையில் கீழ்ப்பாதிச் சுவரை ஸ்டூலில் உட்கார்ந்தே பச்சை எனாமல் அடித்து முடித்தார்.

"மேல்பாதி மிச்சம் இருக்கு. ஏணியைக் குடும்மா."

"தரேம்பா. பெயிண்ட் காயுற வரைக்கும் சுவரைத் தொடாம நடமாடுங்க. தொட்டீங்க, அப்புறம் ஏணியில ஏறுறது நான்தான்."

"சுவரைத் தொட நான் என்ன பல்லியா?"

மத்தியானம் மகள் வந்து பார்த்தாள். படுக்கையறை வாசலிலிருந்து குளியலறை வரை, இடுப்பு உயரத்தில், நாலு நாலு விரலாக அச்சு.

"காஞ்சுதான்னு பாத்தேன்."

"பதினோரு இடத்துலயா?"

"தொழில்னா அப்படித்தாம்மா."

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். வேட்டியும் பச்சையானது.

மறுநாள் மகள் ஏணியில். பெயிண்டர் கீழே, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தபடி.

"கெட்டியா பிடிச்சுக்குங்கப்பா."

"நான் விட்டா நீ விழுந்துடுவே, தெரியும்ல?"

அப்போது அவர் நின்ற நிலை இருக்கிறதே, தூண் தோற்றது!

நீங்கள் அந்த இனமில்லையா? சந்தோஷம். எழுந்து ஒற்றைக்காலில் நின்று, கண்ணை மூடிப் பத்து வரை எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் சுவரைத் தேடிப் போன அந்தக் கை யாருடையது? காய்ந்துவிட்டதா என்று பார்த்தீர்களாக்கும்!