ஹுடாக் வீட்டுக் குடும்பத் தலைவர்

எமில் ஹுடாக் சாப்பாட்டு மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"உயிரே போனாலும் மாமியார் வீட்டுக்குக் குடிபோக மாட்டேன்!"

அவர் மனைவி வெர்னா ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "அம்மாவுக்கு எண்பத்தஞ்சு வயசாச்சுங்க. போன மாசம் வழுக்கி விழுந்தாங்க. தனியா விட முடியுமா?"

"இங்க கூட்டிட்டு வா."

"படுக்கிற ரூமெல்லாம் மாடியில. ஏறி இறங்கியே என் முட்டி போச்சு. அவங்க எப்படி ஏறுவாங்க? அங்க மாடியே கிடையாது. நாமதான் மூட்டை கட்டணும்."

"ஹுடாக் பரம்பரையில எவனும் மாமியார் கூரைக்குக் கீழ படுத்ததில்ல!" எமில் சுவரைக் காட்டினார். சுவரில் தாத்தா ஆந்த்ரெய், மீசையோடு. "இது அவர் வாங்கி ஆண்ட வீடு. அவர் தும்மினா யங்ஸ்டவுன் ஊர் முழுக்கக் கைக்குட்டை தேடும்."

"அதுக்கு என்ன சாட்சி?"

சாட்சி அந்த ஏப்ரலில்தான் வெளியே வந்திருந்தது. 1940-இல் வீடு வீடாகப் போய் எடுத்த மக்கள்தொகைக் கணக்கை எழுபத்திரண்டு வருஷம் பூட்டி வைத்திருந்த அமெரிக்க அரசாங்கம், இப்போது எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்தது. ஊரே தத்தம் தாத்தாவைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரே சிக்கல், பெயரை அடித்தால் ஆள் வர மாட்டார். பெயர்ப்பட்டியல் இன்னும் போடவில்லை. நம் தெரு எந்தப் பகுதியில் வருகிறது என்று கண்டுபிடித்து, கையால் எழுதிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும்.

"அதுல தாத்தாவைக் குடும்பத் தலைவர்னு காட்டுறேன். தேடி முடிக்கிற வரைக்கும் நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"காட்டிட்டா அப்புறமும் எடுக்க மாட்டேன். வேற மாதிரி இருந்தா அன்னைக்கே மூட்டை. சம்மதமா?"

"சம்மதம்!"

தாத்தா அன்று மத்தியானமே கிடைத்துவிட்டார். அதே தெரு, அதே கதவு எண். குடும்பத் தலைவர்: சுசானா பார்ட்கோ, விதவை, சொந்த வீடு. அடுத்த வரியில் அவள் மகள். அதற்கடுத்த வரியில் ஆந்த்ரெய் ஹுடாக். உறவு: மருமகன்.

எமில் கண்ணாடியைத் துடைத்தார். மருமகன். திரையைத் துடைத்தார். அப்போதும் மருமகன்.

வீட்டோடு மாப்பிள்ளை! அந்த மீசைக்குக் கீழே எத்தனை பதில்களை மென்று விழுங்கியிருப்பார் மனுஷன்? அப்படியானால் இத்தனை வருஷம் தான் நிமிர்த்தி வைத்திருந்த தலை யாரை நம்பி நிமிர்ந்தது? கேள்விகள் வரிசையில் வந்து நின்றன. எமில் ஒன்றையும் உள்ளே விடவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தார்.

பிறகு மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. தேடி முடிக்கிற வரைக்கும்தானே பேச்சில்லை? பெயர்ப்பட்டியல் இல்லாத கணக்கு. ஆயுசு பூராவும் தேடலாமே!

தேடினார். கதவைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டரில் பேஸ்பால் பார்த்தபடி தேடினார்.

"கிடைச்சாராங்க?" என்பாள் வெர்னா.

"எங்க கிடைக்கிறார்! எழுத்தா அது? கோழி கிளறின மாதிரி இருக்கு."

"நம்ம தெருவுல பாத்தீங்களா?"

"கணக்கெடுத்தவன் பக்கத்தை மாத்திச் செருகியிருப்பான். மாநிலம் பூரா அலசணும்."

"அலசுங்க, அலசுங்க. கண்ணைப் பாத்துக்கங்க."

இவ்வளவு சாதுவாக வெர்னா பேசியபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, மாமியார் ஹெர்மினா சாப்பிட வந்தாள். கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் ஒரு கையில், மடிக்கணினி மறு கையில்.

"மாப்பிள்ளை, தாத்தாவைத் தேடிக் கண்ணெல்லாம் வீங்கிப் போச்சாமே?"

"தேடிக்கிட்டே இருக்கேன் அத்தை. பெயர்ப்பட்டியல் இல்லையே!"

"இல்லாம என்ன? எங்க சர்ச் பொம்பளைங்க எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் பக்கத்தை வாங்கி, பேரையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டிருந்தோம். நாடு பூரா அப்படித்தான் ஏத்தினாங்க. நம்ம ஒஹையோ மாநிலம் முடிஞ்சாச்சு. இப்போ பேரை அடிச்சா ஆள் வருவார். அடிடி வெர்னா."

அடித்தாள். வந்தார்.

"மருமகன்," என்று நிறுத்தி வாசித்தாள் வெர்னா. "வீடு அவர் மாமியாரோடது. நீங்க பிறந்ததுலேருந்தே மாமியார் வீட்டுலதாங்க இருக்கீங்க. இந்த மாமியார் வீட்டுலேருந்து அந்த மாமியார் வீட்டுக்கு மாறப்போறோம். அவ்வளவுதான்."

எமில் எழுந்து நின்றார். "அது பொய்! கணக்கெடுக்க வந்தவன்கிட்ட அந்தக் கிழவி அளந்து விட்டிருப்பா. இல்ல, பக்கத்து வீட்டுக்காரி உளறியிருப்பா. தாத்தா வேலைக்குப் போயிருந்த நேரம் பாத்து!"

ஹெர்மினா கண்ணாடியை மூக்கில் இறக்கினாள். "அந்த வருஷம் யார் பதில் சொன்னாங்களோ அவங்க பேர் பக்கத்துல, ஒரு வட்டம் போட்டு அதுக்குள்ள பெருக்கல் குறி போட்டாங்க மாப்பிள்ளை. யார் பேர் பக்கத்துல இருக்கு, பாருங்க."

ஆந்த்ரெய் ஹுடாக் பக்கத்தில் இருந்தது. உருண்டையாக, தெளிவாக. அவரேதான் கதவைத் திறந்திருக்கிறார். அவரேதான் சொல்லியிருக்கிறார்.

வெர்னா பரணிலிருந்து பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்டது. எமில் வெகுநேரம் சுவரைப் பார்த்தார். மீசை உதவிக்கு வரவில்லை. ஆனாலும் அவர் பணியவில்லை. நெஞ்சை நிமிர்த்தினார்.

"வர்றேன் அத்தை. ஆனா ஒண்ணு. அங்கயும் குடும்பத் தலைவர் நான்தான். அதுல மாத்தமே கிடையாது!"

"தாராளமா இருங்க மாப்பிள்ளை," என்றாள் ஹெர்மினா, அவர் தட்டில் இன்னொரு முட்டைக்கோஸ் சுருளை வைத்தபடி. "அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் வந்தா, கதவை மட்டும் நான் திறக்கிறேன்."