உங்கட 'இப்ப' வேற, என்ர 'இப்ப' வேற

நவீன பௌதிகவியலுக்கு எங்கள் அரச கந்தோர் ஆற்றிய தொண்டை உலகம் இன்னும் அறியவில்லை. அது உலகத்தின் குற்றம். கல்பிட்டிக் கரையில், கதிரையை விட்டு அசையாமலேயே காலத்தை வென்றவர்கள் நாங்கள்.

யுத்தம் முடிந்த பிறகு செயலமர்வுகளுக்கு ஏது குறை? எங்கள் மேலதிகாரி அருள்குமரன் சேர் 'காலமும் நிர்வாகமும்' என்ற மூன்று நாள் செயலமர்வுக்குக் கொழும்பு போனார். போகும்போது எதையும் பிந்திச் செய்யும் வெறும் சுணக்கக்காரர். திரும்பும்போது தத்துவஞானி.

அந்த ஞானத்தின் முதற்பலனைப் பெற்றவர், உச்சமுனைத் தீவிலிருந்து போட்டில் வந்துபோகும் மாக்கிறட். மகள் டிலுக்ஷிக்குத் திங்கட்கிழமை தாதியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு. வதிவிடச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். சான்றிதழ் எழுதி முடிந்து சேரின் மேசையில்தான் கிடந்தது. குறை, ஒரே ஒரு கையெழுத்து.

புதன்கிழமை "இப்ப தாறன்" என்றார் சேர். வியாழனும் "இப்ப." வெள்ளி பின்னேரம் மாக்கிறட்டுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, உங்கட இப்ப எப்பதான் வரும்?"

சேரின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு கேள்விக்குத்தானே மனிசன் ஏங்கிக்கொண்டிருந்தார்!

"எல்லாருக்கும் பொதுவான 'இப்ப' எண்டு ஒண்டு கிடையாது, அம்மா. உங்கட இப்ப வேற, என்ர இப்ப வேற. விஞ்ஞானம் சொல்லுது."

"அப்ப சான்றிதழ்?"

"இருக்குது. நேற்று, இண்டைக்கு, நாளைக்கு எல்லாம் ஒண்டாத்தான் கிடக்குது. உங்கட சான்றிதழ் எதிர்காலத்தில கையெழுத்தோட பத்திரமா இருக்குது."

"எந்தப் பக்கத்தால போகவேணும்? போட் கரையிலதான் நிக்குது."

"பகிடி விடாதேங்கோ. நீங்கள் போட்டில ஓடித் திரியிறீங்கள். ஓடுற ஆளின்ர மணிக்கூடு சுணங்கும். பிந்தினது நீங்கள்தான்."

"அப்ப, இருந்த கதிரையால எழும்பாத உங்கட மணிக்கூடு பறக்க வேணுமெல்லோ!"

சேர் குடையை எடுத்தார். கந்தோர் மூடும் நேரம் மட்டும் பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவானது என்று எனக்கு விளக்கிக்கொண்டே படியிறங்கினார்.

திங்கட்கிழமை டிலுக்ஷியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். செவ்வாய் காலை மாக்கிறட் வந்து மேசையில் ஓங்கி அடித்தார்.

"என்ர பிள்ளையின்ர வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டீங்கள்! மேலிடத்துக்கு எழுதாமல் விடமாட்டன்!"

அப்போதுதான் சேர் தமது மாபெரும் பரிசோதனையை நிகழ்த்தினார். கையெழுத்திட்டார். பிறகு, "லாபிர்" என்று என்னைப் பார்த்தார். திகதி முத்திரையின் சின்னச் சக்கரத்தைப் பின்னுக்கு உருட்டிக் குத்தினேன். முந்தின புதன்கிழமை.

ஆகவே, ஆவணங்களின்படி எங்கள் கந்தோர் ஒரு நிமிடமும் பிந்தவில்லை. கடந்த காலத்துக்குப் போய்வந்த முதல் அரச ஊழியர்கள் நாங்கள் இருவர்தான். டிலுக்ஷியை மட்டும் செவ்வாய்க்கிழமையிலேயே விட்டுவிட்டுப் போனோம்.