முபீனாவுக்கு என்ன சீக்கு?

"பேங்க் மேனேஜர் வாராக!" என்றார் கோட்டைச்சாமி.

முபீனா வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பஞ்சுப் பெட்டிக்குள் திணித்தாள். மேசையைச் சுற்றி ஓடிவந்து, மருந்து வாங்க வந்தவளைப்போலக் கடை வாசலில் நின்றுகொண்டாள்.

விஷயம் இதுதான். முபீனா கல்விக் கடனில் பி.ஃபார்ம் படித்தவள். அந்தக் கடனுக்கு ஒரு விதி உண்டு: படிப்பு முடிந்து ஒரு வருடம், வேலை கிடைத்து ஆறு மாதம், இரண்டில் எது முந்துகிறதோ அப்போது தவணை தொடங்கும். அவளுக்கோ படிப்பு முடிந்த கையோடு உத்தமபாளையத்தில் கோட்டைச்சாமியின் மருந்துக்கடையில் வேலை கிடைத்துவிட்டது. வங்கிக்குத் தெரியாவிட்டால் தவணை சில மாதங்கள் தள்ளிப்போகும். மிச்சமாகும் சம்பளத்தைச் சேர்த்துவைத்தால், சொந்தமாக ஒரு மருந்துக்கடை பிடிக்க அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.

"நல்லவேளை, இங்கனயே பாத்துட்டேன். ஒன்கிட்ட ஒண்ணு பேசணுமே முபீனா" என்றார் மேனேஜர்.

முபீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அல்சர் சார்! நிக்க முடியல!"

கோட்டைச்சாமி ஒரு மாதத்துக்கான அல்சர் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். காசையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் மறுபடி வந்தார். அன்றைக்கு ஒற்றைத் தலைவலி; அதற்கும் ஒரு மாத மாத்திரை. அடுத்த வாரம் மூட்டுவலி.

"இந்த வயசுலயா?"

அரைகுறையாகச் சொல்வது முபீனாவுக்குப் பழக்கமில்லை. "மூட்டுக்குள்ள வண்டி கிரீஸ் மாதிரி ஒரு பசை இருக்கும் சார். அது காஞ்சா எலும்போட எலும்பு ஒரசும். ராத்திரி சத்தமே கேக்குது."

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் ஒரு பெட்டி பன்னீர் திராட்சையோடு அவள் வீட்டுக்கே போய் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார். அவர் தெரு முனையைத் தாண்டுவதற்குள் அம்மா சாபிரா அலறியடித்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள்.

"யா அல்லா! ஒடம்பு பூரா சீக்காம், மாத்திரையா வாங்குறியாமேடி!"

"கத்தாதம்மா. எல்லாம் நடிப்பு."

"நடிப்புக்கு எதுக்குடி மாத்திரை வாங்குன?"

"அண்ணன்ட்டல்ல கேக்கணும்!"

"யாவாரம்னா யாவாரம்தான் ஆத்தா" என்றார் கோட்டைச்சாமி, திராட்சை இருக்கிறதா என்று சாபிராவின் கையைப் பார்த்தபடி.

சேர்த்துவைத்த பணத்தில் பாதி மாத்திரையாகக் கரைந்திருந்தது. முபீனா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இதற்குத் தவணையே கட்டியிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து வங்கி அட்டெண்டர் தவசி வந்து நின்றார். கழற்ற நேரமில்லை; கோட்டு உடம்பிலேயே இருந்தது.

"அட, நீ இங்கனதான் வேலை பாக்குறியா?"

"ஆமாண்ணே. சீக்கெல்லாம் பொய்யி. இந்த மாசத்துல இருந்தே தவணை கட்டிர்றேன்னு சார்ட்ட சொல்லிருங்க."

தவசி தலையைச் சொறிந்தார்.

"அவுக தவணைக்கா வந்தாக? மார்ச்சு முடியுறதுக்குள்ள மருந்துக்கடை வைக்க ஒரு ஆளுக்குக் கடன் குடுத்தே ஆகணும்னு மேல இருந்து நெருக்குறாக. படிச்ச புள்ள நீ இருக்கேன்னு தேடி வந்தா, வாரப்பல்லாம் ஒரு சீக்கச் சொல்லி வெரட்டிருக்கியே தாயி, நல்லாத்தான் இருக்கேன்னு ஒரு டாக்டர் சீட்டு வாங்கிட்டு வெரசா ஓடியா!"