செப்பு மோதிர நிபுணர்

லிஃப்ட் இருந்தும் மூன்றாவது மாடி வரை படிக்கட்டு முழுக்க கையில் டோக்கனோடு ஆட்கள். மேலே மனத்திருப்பு நிபுணர் இருக்கிறார். ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விரும்புவது ஏன் என்று உளவியலாளர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இவர் நூலில் கட்டிய செப்பு மோதிரத்தைப் புகைப்படத்தின் மேல் தொங்கவிட்டு அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். இடப்பக்கம் சுற்றினால் பிள்ளை 'தடம் மாறியவன்'. நாற்பது அமர்வில் திருப்பித் தருவார்.

தையற்காரி ஒருத்தி, லிஃப்ட் மெக்கானிக்கான தன் மகனை இழுத்து வந்திருந்தாள். ஓர் ஆணைக் காதலிப்பதாக அவன் சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மோதிரம் இடப்பக்கம் சுற்றியது.

"சின்ன வயசுல இடுப்புலயே வச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க. நோஞ்சான் பிள்ளை..."

"அதான். நீங்கதான் கெடுத்தீங்க."

பிள்ளையை இடுப்பில் வைக்காத தாய் எந்த ஊரில் இருக்கிறாள்? அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அழுதாள். அந்த அழுகை நிற்கட்டும் என்றே மகன் அமர்வுகளுக்குத் தலையாட்டினான். ஒன்பது அமர்வுக்குள் அவன் வீட்டில் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

அவனுடைய அக்கா ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். அங்கே குழாயில் பெயர் இருக்காது, எண்தான். யாருடையது என்று தெரிந்தால் கண் ஏமாற்றும். பத்தாவது அமர்வுக்கு அவளும் வந்து, கூட்டத்தின் முன்னால் ஒட்டிய உறைகள் ஐந்தை மேசையில் வைத்தாள்.

"உள்ள படம் இருக்கு. பிரிக்காமலே சொல்லுவீங்களா?"

"மோதிரத்துக்குச் சுவரே தடையில்லம்மா. உறை எம்மாத்திரம்?"

மோதிரம் சுழன்றது. முதலாமவன் தடம் மாறியவன், அப்பா அடித்ததால். இரண்டாமவன் சொக்கத் தங்கம். மூன்றாமவனுக்கு அம்மா செல்லம். நான்காமவனும் தங்கம். ஐந்தாமவனுக்கு முற்றிவிட்டது, எண்பது அமர்வு.

அவள் உறைகளைக் கிழித்தாள். ஐந்திலும் ஒரே முகம். நிபுணரின் விளம்பரத் தாளிலிருந்து வெட்டிய அவருடைய முகம்.

"எண்பதையும் நீங்களே எடுத்துக்கங்க" என்றாள்.

நிபுணர் மோதிரம் களைத்துவிட்டதாக முணுமுணுத்தார்.

அவள் அம்மாவிடம் திரும்பினாள். "இதுதான் காரணம்னு யாருக்கும் முழுசா தெரியாதும்மா. வளர்ப்பால வந்ததுன்னு யாரும் நிரூபிக்கல. இது நோயும் இல்ல. நீ எதையும் கெடுக்கல."

தையற்காரி மகன் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பையன் என்ன வேலை பாக்குறான்?"

"பஸ் ஓட்டுறாம்மா" என்றான் மகன்.

"அப்ப எங்க டோக்கன் செல்லுமா, செல்லாதா?" என்று பின்னால் தன் மகளோடு நின்ற ஒருவர் கேட்டார்.

செல்லும் ஐயா. பக்கத்தில் வாயும் மனமுமாக நிற்கிற மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செம்பிடம் கேட்க வந்த உங்களைப் போன்றவர்கள் இருக்கும்வரை, எல்லா டோக்கனும் செல்லும்.